போசியில் வெட்டிய பெயர்

எங்கள் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது; இரண்டு கண்ணிலும் புரை. போன தை மாதம் அண்ணன் பேத்திக்குக் காது குத்தினோம். கோவை சரவணம்பட்டிக்கு ஐ.டி. பார்க்கும் மாலும் வந்து சேர்ந்த பிறகும், எங்கள் தெருவில் விசேஷம் என்றால் பாத்திரத்துக்குப் பங்காளி வீடுகள்தான். விருந்து முடிந்த ராத்திரி, கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் போசிகள் வாசல் நிறையக் கிடந்தன. கரண்ட் இல்லை. அம்மா பலகையைப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக மடியில் எடுத்து, விளிம்புக்குக் கீழே கட்டைவிரலை ஓட்டி, "இது மேக்கால ஊட்டுது... இது பெரியவங்க ஊட்டுது..." என்று பிரித்து வைத்துக்கொண்டே போனார்.

எல்லாப் போசியும் ஒரே கடைத்தெருவில் வாங்கியவை. அளவும் வளைவும் கனமும் ஒன்றே. வித்தியாசம், விளிம்பில் மெஷின் வைத்து வெட்டிய இரண்டு மூன்று எழுத்தில் மட்டும்தான்.

பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற அக்கா மகள் பக்கத்தில் நின்று செல்போன் வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தாள். "எங்க லேப்ல ஆன்டிபாடி செய்யறது இதே வேலைதானுங்க சித்தி. அம்மிச்சியப் புட்டியில போட்டு விக்கறாங்கன்னு வெச்சுக்கங்க" என்றாள்.

அவள் தேடுகிற போசி, மூக்கில் இருக்கிறது. மூக்கின் உள் உச்சியில், கண்களுக்கு நடுவே வருகிற உயரத்தில், ஒரு சின்னத் துண்டுச் சவ்வு. அதிலுள்ள நரம்பு செல்களின் மெல்லிய இழைகளில் மோப்ப ஏற்பிகள் என்ற புரதங்கள் பதிந்திருக்கின்றன. தாளித்த கடுகின் மணம் ஒரு கூட்டம் மூலக்கூறு. அது வந்து ஏற்பியில் உட்கார்ந்ததும் செல் மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. இந்த ஏற்பிகளை உருவாக்கும் ஜீன் குடும்பத்தை 1991இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் எலியில் கண்டுபிடித்தார்கள். 2004இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதருக்கு வேலை செய்கிற மோப்ப ஏற்பி ஜீன்கள் சுமார் 400. கரையான் அரித்த சமையல் நோட்டுப் பக்கங்கள் மாதிரி, பழுதாகிக் கிடப்பவை இன்னும் 600 போல. ஆப்பிரிக்க யானைக்கு வேலை செய்பவை மட்டும் 2000 பக்கம் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். தடாகம் பக்கம் அரிசி மூட்டையைத் தேடிச் சுவரை இடிக்க வருகிற நம்மூர் யானையைத் திட்டும்போது, அதன் மூக்கையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த 400 புரதங்களும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகள். ஒவ்வொன்றும் முந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களைக் கோத்த ஒரே இழை. அந்த இழை செல்லின் சவ்வை ஏழு முறை குத்தி நுழைகிறது. தையல் இலையில் ஈர்க்கு மேலும் கீழுமாகப் போய்வருவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படியே. ஒரு நுனி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மறு நுனி உள்ளே. இலைக்குள் மறைந்த பாகத்தில் இருக்கும் எழுத்துகள் விரலுக்கு எட்டாது. நுனிகளிலும் சில வளைவுகளிலும்தான் 'இது இன்னார்' என்று சொல்கிற எழுத்துகள் ஓரளவு தேறும்.

இதில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. ஒரு நரம்பு செல் 400இல் ஒரே ஒரு ஏற்பியைத்தான் வைத்துக்கொள்ளும். ஆகவே ஏதாவது ஒரு ஏற்பியை மட்டும் தேடினால், சில நூறு செல்லுக்கு ஒன்றில்தான் கிடைக்கும். வெண்பொங்கலில் மிளகு தேடுவது மாதிரி.

எதற்காக இவ்வளவு தேடல்? சமையல் நோட்டில் குறிப்பு இருப்பதால் மட்டும் அடுப்பில் பலகாரம் இருப்பதாக ஆகிவிடாது. ஜீன் என்பது நோட்டு. அதிலிருந்து ஒரு குறிப்பைத் துண்டுச்சீட்டில் எழுதி அடுக்களைக்கு அனுப்புவது ஆர்.என்.ஏ. இந்தச் சீட்டுகளைக் கண்டுபிடிப்பது இப்போது எளிது. அப்படித் தேடியதில் மோப்ப ஏற்பியின் சீட்டுகள் மூக்கோடு நிற்காமல் புராஸ்டேட்டிலும் சிறுநீரகத்திலும் விந்தணுவிலும் கிடைத்தன. 2003இல் ஒரு ஜெர்மன்-அமெரிக்கக் குழு, விந்தணுவில் உள்ள ஒரு மோப்ப ஏற்பி ஒரு பூமணப் பொருளுக்கு அசைகிறது என்று காட்டியது. ஆனால் சீட்டு வந்த வீட்டிலெல்லாம் சமையல் நடந்ததா, பலகாரம் எந்த அறையில் இருக்கிறது என்று தெரிய, புரதத்தையே தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஆன்டிபாடி. பாடப்புத்தகத் தமிழில் எதிர்ப்பொருள்.

நம் வீட்டுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மல்லித்தழை. சிலருக்குப் பச்சைக் கொத்துமல்லி சோப்பு மாதிரி வீசும். 2012இல் ஆயிரக்கணக்கான பேரின் ஜீன்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த வெறுப்பு ஓ.ஆர்.6ஏ2 என்ற மோப்ப ஏற்பி ஜீன் இருக்கும் இடத்தோடு தொடர்பு காட்டியது. தழையிலும் சோப்பிலும் ஆல்டிஹைடு என்கிற வகை மூலக்கூறுகள் பொதுவாக இருப்பது காரணமாகலாம். அதே ஆண்டு கனடாவில் இளைஞர்களிடம் கேட்ட இன்னொரு கணக்கில், தழை பிடிக்காதவர்கள் கிழக்காசிய வம்சாவளியினரில் 21 சதவீதம், தெற்காசியரில் 7 சதவீதம். எங்கள் வீட்டில் அந்த ஏழு சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி உண்டு, என் வீட்டுக்காரர். பச்சைப்புளி ரசத்தில் தழை கிள்ளிப் போட்ட நாளில் வட்டலைத் தள்ளி வைத்துவிடுவார். இருபத்தாறு வருஷமாகத் திமிர் என்று நினைத்திருந்தேன்.

சரி, அம்மாவின் கட்டைவிரலைப் புட்டிக்குள் எப்படிக் கொண்டுவருகிறார்கள்?

முதலில் எந்த எழுத்தைத் தடவச் சொல்லிக் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஏற்பி முழுவதையும் தனியே எடுத்தால், சவ்வை விட்டு வந்த நிமிஷத்தில் சுருண்டு குலைந்துவிடும். அதனால் பெரும்பாலும் உள்நுனி வாலிலிருந்து பதினைந்து இருபது அமினோ அமிலம் நீளத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்ற 399 பேரிடமும் அதே எழுத்து வரிசை இல்லை என்று கம்ப்யூட்டரில் சரிபார்த்து, அந்தத் துண்டை மட்டும் வேதியியல் முறையில் செய்துகொள்வார்கள். போசியை விட்டுவிட்டு, வெட்டிய பெயரை மட்டும் ஒரு தகட்டில் அடித்துக் காட்டுவது போல.

ஆனால் இத்தனூண்டு தகட்டை எந்த உடம்பும் சட்டை செய்யாது. குழந்தைக்கு மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்போமே, அதுபோல ஒரு பெரிய புரதத்தின் மேல் இதை ஒட்டிவிடுவார்கள். வழக்கமாக அதற்குப் பயன்படுவது கலிபோர்னியாக் கடலோரத்தில் கிடைக்கும் ஒரு நத்தை வகையின் ரத்தப் புரதம். செம்பு கலந்ததால் நீலமாக இருக்கும். இதை ஒரு முயலுக்கு ஊசியாகப் போடுவார்கள்; முயலுக்கு இதைவிட அந்நியமான பதார்த்தம் கிடைப்பது கஷ்டம். ஊசி போட்டதும் அதன் உடம்பு அலறிக்கொண்டு எதிர்ப்பொருள் தயாரிக்க ஆரம்பிக்கிறது. சில வாரத்துக்கு ஒருமுறை மறுபடி ஊசி. இரண்டு மூன்று மாதத்தில் ரத்தம் எடுத்து, உறையவிட்டு, மேலே தெளிந்த நீரை இறுத்தால் அதில் ஆன்டிபாடி இருக்கும். நத்தைக்கு எதிரானது, முயல் இதற்கு முன் பார்த்த கிருமிகளுக்கு எதிரானது என்று வேண்டாததும் கலந்திருக்கும். அதே பதினைந்து எழுத்துத் துண்டை ஒட்டிய மணிகளின் வழியே அந்த நீரை வடிகட்டினால், துண்டைப் பிடிக்கத் தெரிந்தவை மட்டும் மணியில் ஒட்டி நிற்கும். அவற்றைக் கழற்றிப் புட்டியில் அடைத்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த வேலை புதிதல்ல. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றிடமிருந்து அங்கே எடுக்கும் நஞ்சு, மருந்துக் கம்பெனிகளுக்குப் போய், குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தப்படுகிறது. குதிரையின் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருள்தான் பாம்புக்கடி மருந்து. தோட்டத்தில் தண்ணீர் கட்டப் போய்க் கடிபட்டு உயிர் பிழைத்த ஒவ்வொருவரும் இன்னொரு பிராணியின் ஆன்டிபாடியைக் கடன் வாங்கியவர்தான். லேப் முயலும் அந்தக் குதிரைக்கு உறவு. குதிரையின் ஆன்டிபாடி நஞ்சை முடக்கிப்போட வேண்டும். முயலுடையதற்குப் பெயரைக் கண்டுபிடித்துக் கையை வைத்தால் போதும்.

முயல் ஆன்டிபாடியில் ஒரு தொல்லை. அந்த முயல் போனால் அதோடு கைப்பக்குவமும் போயிற்று. அம்மா அரைத்த சாம்பார்பொடி டப்பா காலியான பிறகு, அதே அளவில் அதே சாமானைப் போட்டாலும் அந்த ருசி வராததைப் போல, அடுத்த முயலின் சரக்கு வேறு மாதிரி வேலை செய்யும். இதற்கு 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரு வழி கண்டார்கள். ஆன்டிபாடி தயாரிக்கும் ஒரு செல்லை, சாகாமல் பெருகும் புற்றுச்செல்லோடு இணைத்துவிட்டார்கள். உறைமோர் மாதிரிதான்: ஒரு கரண்டி எடுத்துவைத்தால் போதும், காலத்துக்கும் அதே தயிர். 1984இல் அவர்களுக்கும் நோபல் வந்தது.

புட்டி லேப்புக்கு வந்து சேர்கிறது. உள்ளே இருப்பது 100 மைக்ரோலிட்டர், ஒரு டீஸ்பூனில் ஐம்பதில் ஒரு பங்கு. பாதிக்குப் பாதி கிளிசரின் சேர்த்திருப்பதால் மைனஸ் 20 டிகிரியிலும் கட்டியாகாது. ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டியை விடக்கூடாது என்பார்களே, இங்கும் அதே கண்டிப்பு. வந்ததும் சின்னச் சின்னப் புட்டியில் பிரித்து வைத்துவிட்டு, அன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுக்க வேண்டும்.

பிறகு சமையல். திசுவையோ செல்லையோ அரைக்க வேண்டும், சூடு ஏறாமல். மிக்ஸியில் அடித்த மாவு சூடாகி இட்லி கல்லாவதும், கல்லில் நிதானமாக ஆடின மாவு பொங்கி வருவதும் 1955இல் ப. சபாபதி வெட் கிரைண்டர் செய்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லேப்பில் ஐஸ் மேல் வைத்தே அரைப்பார்கள். மற்ற புரதங்களை இதற்கடுத்துச் சோப்புத் திரவத்தில் போட்டு 95 டிகிரியில் கொதிக்க வைப்பது வழக்கம். மோப்ப ஏற்பியை அப்படிக் கொதிக்க விட்டால், திரிந்த பால் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டி ஜெல்லுக்குள் நுழையாது. வெதுவெதுப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். என் அக்கா மகள் முதல் மாதம் முழுக்கக் கொதிக்க வைத்தே கோட்டை விட்டிருக்கிறாள்.

ஜெல் என்பது சல்லடை. மின்சாரம் பாய்ச்சினால் சின்னப் புரதம் வேகமாகக் கீழே ஓடும், பெரியது மேலேயே தங்கும். அந்த வரிசை கலையாமல் ஒரு வெள்ளைத் தாளுக்கு மாற்றுகிறார்கள். இந்தத் தாளுக்கு எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும் புத்தி. ஆன்டிபாடியை நேராக ஊற்றினால் தாள் முழுக்க அப்பிக்கொள்ளும். இட்லித் தட்டில் எண்ணெய் தடவாமல் மாவு ஊற்றுவோமா? இங்கே எண்ணெயின் இடத்தில் இருப்பது, சத்தியமாகச் சொல்கிறேன், ஆடை நீக்கிய பால்பொடி. நூற்றுக்கு ஐந்து பங்கு கரைத்து ஒரு மணி நேரம் ஊற வைத்தால், காலி இடத்தையெல்லாம் பால் புரதம் அடைத்துவிடும். உலகம் முழுவதும் பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூட அலமாரிகளில் பால்பொடி டப்பா இருப்பது இதனால்தான்.

அடுத்துத்தான் ஆன்டிபாடி, அதுவும் ஐந்நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கரைத்து. பெருங்காயக் கணக்கு. கிள்ளிப் போட்டால் மணம். அள்ளிப் போட்டால் வேறெதுவும் தெரியாது. ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் மூன்று நான்கு தண்ணீர் அலசல்.

ஒட்டியது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. ஆன்டிபாடி உண்டிவில் கவட்டை மாதிரி இருக்கும். இரண்டு கொம்பின் நுனிகள் பெயரைப் பிடிக்கின்றன; கைப்பிடியைப் பார்த்தால் இது முயலுடையது என்று தெரியும். 'முயல் கைப்பிடி எதைக் கண்டாலும் பிடி' என்று ஆட்டிடம் தயாரித்த இரண்டாவது ஆன்டிபாடியை இப்போது விடுகிறார்கள். அதன் முதுகில் ஒரு நொதி கட்டியிருக்கும். அது கடுகுக் குடும்பத்துக் காரக் கிழங்கு ஒன்றிலிருந்து எடுத்தது. நம் முருங்கை வேரிலும் அதே காரம் இருப்பதைப் பார்த்து, வெள்ளைக்காரர்கள் முருங்கைக்கே அந்தக் கிழங்கின் பெயரை வைத்துவிட்டார்கள். நறுக்கிய வாழைக்காய் கறுப்பது நொதியின் வேலை அல்லவா? அதே இனத்து வேலைதான் இதுவும். உரிய ரசாயனத்தை ஊற்றியதும் தாளில் ஒளியாகவோ, திசுத் துண்டில் பழுப்பு நிறமாகவோ ஏற்பி இருக்கிற இடம் துலங்குகிறது.

திசுத் துண்டுக்கு முன்வேலை ஒன்று உண்டு. ஃபார்மலினில் போட்டு வைத்த திசு இறுகிப்போயிருக்கும். எழுத்துகளெல்லாம் முடிச்சுக்குள் மாட்டியிருக்கும். எலுமிச்சையில் இருக்கிற அதே சிட்ரிக் அமிலக் கரைசலில் போட்டு, குக்கரில் சில நிமிஷம் வேக வைத்தால் முடிச்சு அவிழும். உவமைக்குச் சொல்லவில்லை. வீட்டு பிரஷர் குக்கரையே பல லேப்களில் இதற்கு வைத்திருக்கிறார்கள். புரதத்தை ஓரிடத்தில் கொதிக்க வைக்காதே என்பதும் இன்னோரிடத்தில் குக்கரில் போடு என்பதும் முரண் இல்லை. பாகற்காய்க்கும் கீரைக்கும் ஒரே தீ வைக்கிறோமா?

இப்படி நிறமேற்றிப் பார்க்கும் வித்தை 2020இல் எல்லோருக்கும் வேண்டிய ஒரு கேள்விக்கும் உதவியது. கோவிட் வந்தவர்களுக்கு மணம் ஏன் போகிறது? வைரஸ் நுழையும் கதவான ஏ.சி.இ.2 புரதத்துக்கான ஆன்டிபாடியை மூக்குச் சவ்வில் விட்டபோது, நிறம் மோப்ப நரம்பு செல்லில் விழவில்லை. அதற்குப் பக்கத்தில் நின்று பராமரிக்கிற துணை செல்லில் விழுந்தது. மாஸ்டர் நன்றாகத்தான் இருக்கிறார். எடுபிடி ஆட்கள் படுத்துவிட்டதால் பந்தி நின்றுபோயிருக்கிறது.

இனித்தான் சங்கடமான பகுதி.

அந்தக் காது குத்து ராத்திரி அம்மா ஒரு போசியைத் தப்பாகக் கொடுத்தார். 'சு.ரா.' என்று இருந்ததை 'சு.ர.' வீட்டுக்கும், அதை இதற்கும். ஒற்றைத் துணைக்கால், தேய்ந்துபோன எவர்சில்வரில் விரலுக்கு எட்டவில்லை. 400 உடன்பிறப்புகள் உள்ள வீட்டில் ஆன்டிபாடிக்கு இந்தத் தவறு தினப்படி. அதிலும் ஒன்று சொல்ல வேண்டும். தவறாகப் பிடித்தாலும் நிறம் அதே அழகோடுதான் வரும்.

அக்கா மகள் ஒரு கம்பெனியில் வாங்கிய புட்டியோடு நான்கு மாதம் உழைத்தாள். எதிர்பார்த்த எடையில், எதிர்பார்த்த இடத்தில், நறுக்குத் தெறித்தாற்போலக் கோடு. வீட்டுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னாள். அவளுடைய பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த ஏற்பியே இல்லாத செல்லை ஓட்டிப் பார்த்தியா?" ஓட்டினாள். அதிலும் அதே கோடு, அதே எடுப்பு.

கம்பெனிக்காரர் ஒரு சான்று அனுப்பியிருந்தார். ஆன்டிபாடியோடு அந்தப் பதினைந்து எழுத்துத் துண்டை முன்கூட்டியே கலந்துவிட்டால் கோடு மறைகிறது, ஆகவே ஆன்டிபாடி சரியானதாம். எனக்கும் முதலில் நியாயமாகப் பட்டது. அவள்தான் விளக்கினாள்: "அம்மிச்சி ரெண்டு கையிலயும் ஒரு போசியக் குடுத்துட்டீங்கன்னா, வேற எதையும் எடுக்க மாட்டாங்க. அவங்க கை ரொம்பியிருக்குதுன்னுதான் அதுக்கு அர்த்தம். அதுக்கு முந்தி சரியானதத்தான் எடுத்தாங்களான்னு அதுல எப்படீங்க தெரியும்?"

இது அவள் ஒருத்தியின் துரதிர்ஷ்டம் இல்லை. இதே ஏழு தையல் குடும்பத்தைச் சேர்ந்த அட்ரினலின், அசிட்டைல்கோலின் ஏற்பிகளுக்காக விற்பனையில் இருந்த ஆன்டிபாடிகளை 2009இல் சில குழுக்கள் சோதித்தன. ஏற்பியின் ஜீனையே நீக்கிய எலியிலும் பல புட்டிகள் அதே கோட்டைக் காட்டின. அவற்றை நம்பி எழுதிய கட்டுரைகள் எத்தனை என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அவள் இப்போது வேறு வழிக்குப் போய்விட்டாள். ஏற்பியின் வெளிநுனியில், கண்ணின் ரொடாப்சின் புரதத்திலிருந்து எடுத்த இருபது எழுத்தைச் சேர்த்து ஒட்டி, அதை வளர்ப்பு செல்லில் செய்ய வைக்கிறாள். போசியின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டுகிற வேலை. கயிற்றைத் தேடும் ஆன்டிபாடி பலமுறை சோதித்துத் தேறியது. மோப்ப ஏற்பியோ வளர்ப்பு செல்லில் லேசில் வெளியே வராது. சமைத்தது அடுக்களையிலேயே கிடக்கும், பரிமாற ஆள் வேண்டும். அந்த ஆளை, ஆர்.டி.பி.1 என்ற புரதத்தை, ஹிரோஆக்கி மட்சுனாமியின் குழு 2004இல் கண்டுபிடித்தது. அவரும் பங்குகொண்ட ஒரு குழுதான் 2023இல் ஓ.ஆர்.51இ2 என்ற மனித மோப்ப ஏற்பியின் முழு வடிவத்தையும் முதன்முதலாகப் படம் பிடித்தது. மூக்குக்கு வெளியிலும் பல திசுக்களில் வாழப் பழகிய ஏற்பி என்பதால் அதை வளர்ப்பது கொஞ்சம் சுலபமாம். கயிறு கட்டும் முறையிலும் குறை உண்டு. கயிறு நாமே கட்டியது. மனித மூக்கில் தானாக இருக்கிற போசியின் கழுத்தில் அது இருக்காது. அங்கே பார்க்க, விளிம்பைத் தடவத் தெரிந்த விரல்தான் வேண்டும்.

கோவையில் பயோடெக் படிக்கிற பிள்ளைகள் ஏராளம். புராஜெக்டுக்கு ஆன்டிபாடி வாங்கும் முன், அந்தப் புரதமே இல்லாத செல்லில் அது என்ன காட்டியது என்ற படத்தைக் கேளுங்கள். படம் இல்லை என்றால் வாங்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

அந்த 'சு.ர.' போசியை 'சு.ரா.' வீட்டிலிருந்து திரும்ப வாங்கி வைத்திருக்கிறோம். உரியவர்கள் இதைப் படித்தால் வந்து எடுத்துக்கொண்டு போகவும்.